மாமாவின் மெசின்

போன மாசியில் ஒரு இரவு மாமா வட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினார். மேசையில் பூட்டிய, கைபிடி வைத்த, இரும்பு மெசின்கள். கீழே ஒரு குரல் பதிவு: "மருமோள், நீ எஞ்சினியரிங் படிக்கிறாய் தானே, இதில எது நல்லதெண்டு பாத்துச் சொல்லு."

முதலில் இடியப்ப உரலாக்கும் எண்டுதான் நினைச்சன். பார்த்தால், சுட்டு முடிந்த வெறுங்கோதுக்குத் திரும்ப மருந்தடைத்து ரவை செய்கிற மெசின்.

மாமா ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு சூட்டுக் கழகத்தில் உறுப்பினர். சனிக்கிழமைகளில் 9 மி.மீ. பிஸ்டலால் கடதாசி இலக்கைச் சுடுவார். 2022 ஒக்ரோபர் 21 இல் கனடா கைத்துப்பாக்கி விற்பனையை நிப்பாட்டுவதற்கு முன்னமே வாங்கிவிட்டாராம். ஒரு சனிக்கு நூறு, நூற்றைம்பது ரவை முடியும். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது. லைசென்ஸ் உள்ளவர் தன் பாவனைக்கு வீட்டில் செய்துகொள்வது அங்கே சட்டப்படி சரி. இங்கே 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்திலிருந்து எண்ணத் தொடங்கினால், என்னை எத்தனை சட்டத்தில் உள்ளே போடலாம் எண்டு கணக்குப் பார்க்கவும் பயம். வேலணையில் இருந்துகொண்டு இதை கூகிளில் தேடுவதே எனக்கு உறுத்தலாக இருந்தது. போனில் தேடிய வரலாற்றை இரண்டு தரம் அழித்தேன்.

ஆனால் ஒரு மெசினைக் காட்டினால் எனக்குள் இருக்கிற ஆள் விடமாட்டாள். மூன்று இரவு யூரியூப்.

வேலை இதுதான். சுட்ட கோது கொஞ்சம் வீங்கியிருக்கும். அதைத் திரும்ப அளவுக்கு அமத்த வேணும். அடியில் இருக்கிற எரிஞ்ச பிறைமரைத் தட்டி எடுத்துப் புதுசு வைக்க வேணும். பிறகு மருந்து, அரைக் கிராம் கூட வராது. பிறகு சன்னத்தை இருத்தி வாயை இறுக்க வேணும். ஒற்றை நிலை மெசினில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலை. நூறு கோதையும் அமத்தி முடிச்சு, அச்சை மாத்தி, திரும்ப நூறையும் எடுக்க வேணும். மாமா கேட்டது 'புரோகிரசிவ்'. அதில் வட்டத் தட்டொன்று இருக்கும், ஒவ்வொரு நிலையிலும் ஒரு கோது. கைபிடியை ஒருக்கா இழுத்தால் எல்லா நிலையிலும் எல்லா வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். நிரம்பிவிட்டதெண்டால் இழுப்புக்கு ஒரு முழு ரவை வந்து விழும்.

டிலன் 550 இல் நாலு நிலை, தட்டைக் கையால் திருப்ப வேணும். டிலன் 750 இலும் ஹோர்னாடியிலும் ஐந்து நிலை, தட்டு தானாகத் திரும்பும். யூரியூப்காரர் எல்லாரும் மணிக்கு எத்தனை எண்டுதான் சண்டை. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. கையால் திருப்புகிற மெசினில் திருப்ப மறந்து இன்னொருக்கா இழுத்தால் ஒரே கோதில் இரண்டு தரம் மருந்து விழும். 9 மி.மீ. கோதில் பல மருந்து இரண்டு மடங்கும் வழியாமல் அடங்கிவிடும், கண்ணுக்கு இலேசில் தெரியாது. சுடும்போது துவக்கு வெடிக்கும். மருந்தே விழாமல் போனாலும் கரைச்சல்தான்: பிறைமரின் அமுக்கத்தில் சன்னம் குழல் பாதியில் போய் இறுகும், அதுக்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டால் முடிஞ்சுது.

மாமாவோ கதைச்சுக்கொண்டு வேலை செய்கிற ஆள். மீன் வெட்டும்போதும் காதில் போன் இருக்கும். ஆகவே எழுதினேன்: "புரோகிரசிவ்தான் எண்டால் தானாகத் திரும்புறது வாங்குங்கோ. சன்னம் இருத்திறதுக்கு முந்தின நிலையில மருந்தளவு பாக்கிற அச்சைப் போடுங்கோ. ஆனா என்னைக் கேட்டால், முதல் ஒரு வருசம் ஒற்றை நிலை."

"நீயும் உன்ர கொம்மா மாதிரிப் பயந்தாங்கொள்ளி" எண்டு சிரிப்புப் பொம்மை போட்டார்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "அப்ப நாங்கள் பொறுக்கின கோதுகளையும் இப்பிடித் திரும்ப அடைக்கலாமோ?"

1990 இல் மாமாவுக்கு 13 வயது. ஹெலி சுட்டுப்போட்டுப் போனால் பெடியள் பனங்காணிக்குள் ஓடுவார்களாம். பித்தளைக் கோது சுடச்சுட மணலில் கிடக்குமாம். கீழுதட்டில் வைத்து ஊதினால் விசில். அந்த ஆவணியில் ஆமி தீவுக்குள் இறங்க, அம்மம்மா இரண்டு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு படகேறினா. அம்மா இதையெல்லாம் சொன்னதே இல்லை. மாமா அந்த இரவு ஒன்றரை மணித்தியாலம் சொன்னார்.

தேடிப் பார்த்துப் பதில் போட்டேன். ரி-56 மாதிரித் துவக்குகளின் கோது பெரும்பாலும் உருக்கு. அடியில் நடுவில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சின்னத் துளை, அதுக்குப் பேர் பெர்டன் முறை. ஒரு துளையெண்டால் குச்சியால் தட்டிப் பிறைமரை எடுக்கலாம், இரண்டெண்டால் வீட்டு மெசினில் சரிவராது. (பெர்டன் அமெரிக்கர், பொக்சர் இங்கிலிஸ்காரர். ஆனால் அமெரிக்காவில் ஓடுகிறது பொக்சர் முறை.) "அப்ப அது ஒருக்காத்தான்" எண்டு மாமா எழுதினார். அதுக்கு நான் ஒண்டும் எழுதவில்லை.

ஆனியில் நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்தார். வான் திறப்பில் ஒரு பித்தளைக் கோது தொங்கியது, முதன்முதல் கழகத்தில் சுட்டதாம். அம்மா கண்டுவிட்டா. "கழட்டு. குறிகட்டுவானில பையைத் திறந்து பாப்பாங்கள்."

"இது வெறுங்கோது அக்கா. கனடாவில எல்லாரும் வச்சிருக்கிறாங்கள்."

"இது கனடா இல்லை."

வாணர் தாம்போதியில் வானை நிப்பாட்டச் சொன்னா. சத்தி வருகுதாக்கும் எண்டு நினைத்தோம். இறங்கிப் போய், திறப்பிலிருந்து கோதைக் கழட்டிக் கடலுக்குள் எறிந்துவிட்டு வந்து ஏறினா. மாமா ஒரு சொல் பேசவில்லை. இறங்குதுறையில் வரிசையில் நிற்கும்போது அம்மாவின் கையைப் பார்த்தேன். சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது. பையைத் திறந்து பார்த்தார்கள், தேங்காயும் கற்பூரமும் பட்டும். போகச் சொன்னார்கள். படகுக்குள் மாமா அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

ஐப்பசியில் வீடியோ வந்தது. நிலக்கீழ் அறை, ஒரு மேசை, சிவப்பு ஒற்றை நிலை மெசின். போன் மேலேயாம், அறைக்குள் கொண்டுபோறதில்லையாம். "ஒண்டு ஒண்டாத்தான் செய்யிறன். கை நோகுது."

அம்மம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்னடி பிழியிறான்?"

"ஏதோ மெசின், அம்மம்மா."

"மா இறுகிப்போச்சு போல. கொஞ்சம் சுடுதண்ணி விடச் சொல்லு."

அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.