சிவப்புக் குழாயில் தண்ணீர் வருமா?

1975 ஜூலையில் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் தீப்பிடித்தது நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அன்று அந்த உயரம் நமக்கு அதிசயம். இன்று மண்ணூர்பேட்டைப் பக்கமே வரிசையாக அடுக்குமாடிகள். படிக்கட்டு ஓரம் சிவப்புக் குழாய், கண்ணாடிப் பெட்டியில் ஓஸ். அதற்குள் தண்ணீர் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன் நான். அங்கே வாரம் தவறாமல் ஹைட்ரண்ட் சோதனை உண்டு. குழாயில் எப்போதும் பிரஷர் நிற்க வேண்டும். சிறு கசிவை ஜாக்கி பம்பு ஈடுகட்டும். வால்வைத் திறந்தால் பெரிய பம்பு தானாக ஓட வேண்டும். கரண்ட் போனால் டீசல் பம்பு. பெரிய பம்பை நிறுத்துவது மட்டும் கையால்தான். தீ அணைந்துவிட்டதா என்பதை மனுஷன்தானே பார்த்துச் சொல்ல வேண்டும்!

எங்கள் ஃபோர்மேன் கேஜை மட்டும் நம்ப மாட்டார். "முள் நிக்குதுன்னு விட்டுடாதேப்பா, வால்வைத் திற" என்பார். நடுவில் ஒரு வால்வு மூடிக் கிடந்தாலும், அடைபட்ட தண்ணீர் முள்ளைத் தூக்கி நிறுத்தும். திறந்தால்தான் குட்டு வெளிப்படும்.

2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டபோது, எங்கள் குடியிருப்பில் தீயணைப்புத் தொட்டித் தண்ணீரைக் குளிக்க எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. "தீ என்னைக்கோ வரும் சார், இன்னைக்குக் குளிக்கணுமே" என்றார் ஒருவர். அவர் கஷ்டமும் நியாயம்தான். ஆனால் தொட்டி காலியானால் பம்பு காற்றைத்தான் இழுக்கும் என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் பணம் போட்டு லாரித் தண்ணீர் வாங்கினோம்.

அந்தச் சூட்டிலேயே மாடி மாடியாகப் பார்த்தோம். பித்தளை நாசில் இரண்டு காணோம். ஒரு பெட்டிக்குள் துடைப்பம். மேல் மாடி வால்வு துருப்பிடித்து அசையவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்து திறந்தபோது, மேலே மூன்றரை கிலோ பிரஷர் நின்றது. தேசியக் கட்டட விதி கேட்பது அவ்வளவுதான்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு சோதனை. வால்வு திருகுக்கு கிரீஸ், கப்ளிங் வாஷர், டீசல் எஞ்சின் பேட்டரி எல்லாம் பார்க்கிறோம். நனைந்த ஓஸை நிழலில் உலர்த்திச் சுருட்டுகிறோம். நாசிலை இருவர் பிடிக்க வேண்டும். தனி ஆளைத் தள்ளிவிடும்.

ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். அதுவரை காத்திராமல், இந்த வாரமே உங்கள் செக்ரட்டரியிடம் வால்வைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.