வினிகர் கணக்கு

என் தமக்கை மகள் பாங்கி உத்தியோகத்தை உதறிவிட்டு, நிர்வாக விஞ்ஞானமும் கணித முறைகளும் கலந்த ஒரு எம்.எஸ்ஸி. படிப்புக்காகத் தில்லிக்குப் புறப்பட்டபோது, குடும்பத்தில் பெரிய கலவரமே மூண்டது. "இருபத்தாறு வயசிலே மறுபடியும் கணக்கா? நீ சொன்னால் கேட்பாள்" என்று தமக்கை என்னிடம் முறையிட்டாள். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னும் நம்புகிற ஜீவன் அவள் ஒருத்திதான். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. கம்பெனிகளில் ஆள் குறைக்கிற சாஸ்திரம் என்று நினைத்திருந்தேன்.

பொங்கலுக்கு வந்தவளிடம், "அப்படி என்னதான் அம்மா சொல்லிக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"கிடங்கில் எவ்வளவு சரக்கு வேண்டும், லாரி எந்த வழியில் போனால் டீஸல் மிச்சம்... இருப்பதை வைத்துக்கொண்டு சமாளிப்பதுதான், மாமா."

"இதற்குத் தில்லி எதற்கு? உன் பாட்டி அடுப்பங்கரையிலேயே சொல்லிக் கொடுத்திருப்பாளே!"

அவள் சிரித்துவிட்டு ஒரு சாப்பாட்டுக் கதை சொன்னாள். ஸ்டிக்ளர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர், ஒரு மனிதன் சத்துக் குறையாமல் ஒரு வருஷம் சாப்பிட மிகக் குறைந்த செலவு என்ன என்று 1945-ல் கணக்குப் பார்த்தார். 77 பண்டங்கள், 9 சத்துக்கள். 1939-ஆம் வருஷத்து விலையில் 39 டாலர் 93 சென்ட் என்று உத்தேசமாகச் சொன்னார். 1947-ல் டான்ட்ஸிக் என்பவர் ஸிம்ப்ளெக்ஸ் என்ற முறையைக் கண்டுபிடித்தார். அதைச் சோதித்துப் பார்க்க இந்தக் கணக்கையே எடுத்துக் கொண்டார்கள். ஒன்பது குமாஸ்தாக்கள் கையால் இயக்கும் யந்திரங்களோடு உட்கார்ந்தார்கள். ஓர் ஆளுக்கு 120 நாள் வேலை! விடை 39 டாலர் 69 சென்ட். 24 சென்டுக்காக இத்தனை பாடு.

பிறகு டான்ட்ஸிக் தம் உடம்பு இளைக்க, பசியும் அடங்க, கம்ப்யூட்டரிடம் யோசனை கேட்டாராம். 500 காலன் வினிகர் குடிக்கச் சொல்லியது அது. வினிகரை நீக்கினார். தினம் 200 சூப்புக் கட்டி என்றது.

"இத்தனை கட்டிக்கு மேல் கூடாது என்று யாரும் அதற்கு எழுதித் தரவில்லை, மாமா. எழுதாத நிபந்தனை அதற்குத் தெரியாது. கூட்டிக் கழிப்பதை யந்திரம் பார்த்துக் கொள்ளும். எதை எழுத மறந்தோம் என்று தேடுவதுதான் எங்கள் படிப்பு."

நான் விடவில்லை. 1974-ல் விலைவாசி விஷம்போல் ஏறியது. அப்பாவின் குமாஸ்தாச் சம்பளத்தில், குமாஸ்தாவும் யந்திரமும் இல்லாமல், வெறும் உழக்கை வைத்துக்கொண்டு அம்மா ஏழு பேருக்கு இரண்டு வேளையும் கணக்கைச் சரிக்கட்டினாள் என்றேன். ஒரு நாளும் யாரும் பசியோடு எழுந்ததில்லை என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

"பாட்டி என்ன சாப்பிட்டாள்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. அப்பா, அத்தை, நாங்கள் நாலு பேர். தரையில் வரிசையாகப் போட்ட தட்டுகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஆறுதான் ஞாபகம் வந்தது. ஏழாவது தட்டை நான் பார்த்ததாகவே நினைவில்லை.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அவள் ரயிலேறுவதற்கு முன், இரண்டாம் வருஷத்துக் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன் என்று தமக்கையிடம் சொன்னேன்.

"நீயுமா?" என்றாள் அவள்.