குன்னூர் டாக்டரும் அமெரிக்கக் குதிரையும்

"மாட்டு டாக்டருக்குப் படித்த பெண்ணை யார் கல்யாணம் செய்து கொள்வார்கள்?" என்று எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நடந்த வாதப் பிரதிவாதங்கள் உங்களுக்குத் தெரியாது. நல்ல வேளை, கல்யாணம் ஆயிற்று. அதுவும் அமெரிக்க மாப்பிள்ளை! கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

வேப்பேரியில் இருக்கிறதே, 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி, அங்கே ஐந்தரை வருஷம் படித்தவள் என் பெண். குன்னூருக்குத் திரும்பியதும் சுற்று வட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் அவள் பார்க்காத பசு கிடையாது. கொட்டுகிற மழையில், டார்ச் வெளிச்சத்தில், தோள் வரைக்கும் கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். (டார்ச் பிடித்தவள் நான். வீட்டுக்கு வந்து வெந்நீர் போட்டவளும் நான்தான்!)

அப்படிப்பட்டவள் அமெரிக்காவில் ஒரு நாய்க்குக் கூடத் தனியாக வைத்தியம் பார்க்கக் கூடாதாம். அந்த நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கம் அங்கீகரித்த கல்லூரிகளின் ஜாபிதாவில் நம் தேசத்துக் கல்லூரி ஒன்று கூட இல்லை. பட்டம் நிஜந்தானா, இங்கிலீஷ் தெரியுமா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு 225 கேள்விகளுடன் ஒரு பரீட்சை. அதில் தேறினால் மூன்று நாள் செய்முறைப் பரீட்சை; மயக்க மருந்து, அறுவை, எக்ஸ்ரே என்று ஏழு பிரிவுகள். இதெல்லாம் போக, அங்கேயே படித்தவர்களும் எழுத வேண்டிய 360 கேள்விப் பரீட்சை தனி. கட்டணமோ ஆயிரக்கணக்கில் டாலர்!

அந்த டாலருக்காக அவள் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் கூண்டு கழுவினாள். ஒரு வருஷம் என்னிடம் மூச்சு விடவில்லை. தெரிந்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். "மாட்டுக் கொட்டகை கழுவாதவளா அம்மா நான்?" என்று டெலிபோனில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

செய்முறையில் ஆறு தேறி, ஒன்று போயிற்று. குதிரை! மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்த வேண்டும். நடையைப் பார்த்தே எந்தக் கால் நொண்டுகிறது என்று சொல்ல வேண்டும். லைன் வீடுகளில் குதிரைக்கு எங்கே போவது?

லீவில் வந்தவள் நேரே ஊட்டி ஏரிக்கரைக்குப் போனாள். அங்கே சவாரிக் குதிரை வைத்திருப்பவர் ஒருவரிடம், "காசு வேண்டாம், வைத்தியம் பார்க்கிறேன். உங்கள் குதிரைகளோடு பழகவிட்டால் போதும்" என்று கேட்டாளாம். ஆறு வாரம், பனியில் விறைத்துக் கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். குளம்பைத் தூக்கிப் பார்ப்பதும், பல்லைப் பார்த்து வயசு சொல்வதும்... சாயங்காலம் வந்தால் புடவை அலமாரி வரைக்கும் குதிரை வாசனை! இங்கே டாக்டரம்மா, அங்கே மாணவி. எனக்கு ஆற்றாமையாக இருந்தது, அவளுக்கு நேரமில்லை.

இரண்டாம் தடவை குதிரையும் தேறியது. அப்புறம் அந்த 360 கேள்வி. லைசென்ஸ் வந்த அன்று ராத்திரி இரண்டு மணிக்கு டெலிபோன். பேச்சே இல்லை; இரண்டு பக்கமும் அழுகைதான்.

மறுநாள் ஒரு டப்பா மைசூர்பாகுடன் குதிரைக்காரரைத் தேடிப் போய், "பெண் பாஸ் பண்ணி விட்டாள்" என்றேன்.

"பண்ணுவாங்கன்னு தெரியுமேம்மா" என்றார் அவர், டப்பாவை வாங்கிக் கொண்டே. "சிவப்புக் குதிரை நேத்திலிருந்து புல்லைத் தொடலை. டாக்டரம்மா எப்போ வருவாங்க?"