பெருங்களத்தூரில் ஓர் இத்தாலியக் கோடு

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர். இன்று கம்ப்யூட்டர் நிறுவனங்கள் இயங்கும் இடத்தில் அன்று ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை. 1961இல் இந்தியச் சாலைக்கு வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கேலொட்டி.

அடியில் தனிச் சட்டம். அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய தகடுகள். கூரையும் தனித் துண்டுதான். அதனால் பிரிட்டனில் ட்ரையம்ப் நிறுவனம் இதைத் திறந்த காராகவும் எளிதில் விற்றது. இதே அடித்தளத்தைச் சுருக்கி, மிக்கேலொட்டியின் கைவண்ணத்தில் 1962இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் பிறந்தது.

1985இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 எடுபடவில்லை; தொழிற்சாலை மூடப்பட்டது. ஹெரால்டுகள் மட்டும் ஓடுகின்றன. துருப்பிடித்த தகட்டைக் கழற்றி வேறு மாட்டிவிடலாம். தொழிற்சாலைக்கு அந்த வசதி இல்லை.