கேட்டுவிட்டு மூடும் சாலை

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் டோனிகால் மாவட்டம். அதன் வட விளிம்பில் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ஃபானட் தீபகற்பம். நுனியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். உள்ளே புல்வெளி, கல்சுவர், செம்மறி ஆடுகள், ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் வீடுகள். அந்த வீடுகளை ஊராக்கி வைத்திருப்பது ஒரு குறுகிய சாலை. எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் ஏதாவது ஒன்று ஒதுங்கியாக வேண்டும். எதிரே வருபவர் தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவது இங்குள்ள மரியாதை.

ஜூன் மாதத்தின் நடுவில், ஒரு வாரக் கடைசியில், விரல் தூக்க யாருக்கும் நேரமில்லை. டோனிகால் சர்வதேச கார் ராலி நடக்கும் நாட்கள் அவை. 1972-இல் தொடங்கியது. லெட்டர்கென்னி நகரத்தை மையமாக வைத்து வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் ஓடும். ஓடுதளம் என்று தனியாக எதுவும் கிடையாது. பால் வண்டி போகிற, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற, சவ ஊர்வலம் போகிற அதே தார்ச்சாலைதான். அதைச் சில மணி நேரம் மூடிவிட்டு, ஒவ்வொரு காராக, இடைவெளி விட்டு, கடிகாரத்துக்கு எதிராக ஓட்டுவார்கள். மூடப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்டேஜ் என்று பெயர். நொக்கல்லா, அட்லாண்டிக் டிரைவ், ஃபானட் ஹெட் என்று ராலி ரசிகர்கள் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு பக்தி இருக்கும். அந்தப் பெயர்களில் குடியிருப்பவர்களுக்கு அது வீட்டு விலாசம்.

ராலி முதலில் வருவது காகிதத்தில். மாவட்ட கவுன்சில் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிடும்: 1993ஆம் ஆண்டுச் சாலைகள் சட்டம், பிரிவு 75, தற்காலிகமாகச் சாலை மூடல். எந்தச் சாலை, எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, ஆட்சேபம் இருந்தால் எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும். கடைக் கல்லாவின் மேல் அந்தப் பக்கம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ரொட்டி வாங்க வந்த கிழவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோய், தன் சாலையின் எண்ணைத் தேடுகிறார். ஐம்பது வருஷமாக அந்தச் சாலையில் இருக்கிறார். அதற்கு ஓர் எண் இருப்பது இந்த மாதம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. "ஞாயிறு காலையிலேயே மூடுறாங்க. பூசைக்கு எப்படிப் போறது?" என்கிறார். "சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போயிருங்க. கடவுளுக்கும் ராலி நேரம் தெரியும்" என்கிறாள் கடைக்காரப் பெண். அவர் சிரிக்கவில்லை. ரொட்டிக்குக் காசைக் கொடுத்துவிட்டு, தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

காகிதத்துக்குப் பிறகு ஆள் வருகிறார். மோட்டார் கிளப்பைச் சேர்ந்தவர், சம்பளமில்லாத வேலை. கையில் வரைபடம், வீடுகளின் பட்டியல், எல்லா வீட்டுக்கும் ஒரு கடிதம். ஸ்டேஜ் பாதையில் உள்ள ஒரு வாசலைக்கூட அவர் விட்டுவிட முடியாது. தட்டுகிறார், திறக்கிறார்கள், முதல் ஐந்து நிமிடம் ராலியைப் பற்றிய பேச்சே இல்லை. மழை, மாட்டு விலை, யாருக்கோ இடுப்பு எலும்பு மாற்றியது. தேநீர் வருகிறது. வேண்டாம் என்று சொன்னால் வந்த காரியம் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். பாதிக் கோப்பை முடிந்த பிறகுதான் பட்டியலைத் திறக்கிறார். அன்றைக்குக் கல்யாணம் காட்சி ஏதாவது? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்? கன்று போடுகிற நிலையில் மாடு? நாயைக் கட்டி வைக்க முடியுமா? கேட்டுக்கு முன்னால் நாடா கட்டலாமா?

பதில்களை எழுதிக்கொள்கிறார். ஒரு வீட்டின் எதிரே 'நாய் உள்ளே' என்று. இன்னொன்றின் எதிரே 'ஆக்சிஜன் சிலிண்டர், மாடி அறை' என்று. கடிதத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. அவசரம் என்றால் அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். ஸ்டேஜை நிறுத்தி ஆம்புலன்ஸை உள்ளே விடுவோம் என்கிறார். படுக்கையில் கிடக்கும் கணவனைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மாள் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டுகிறாள். "போன வருஷம் யாரோ சின்னப் பையனை அனுப்பியிருந்தீங்க. கடிதத்தைக் கதவிடுக்குல போட்டுட்டு ஓடிட்டான்" என்கிறாள். குரலில் கோபம் இல்லை. கணக்கு மட்டும் இருக்கிறது. அவர் தலையை ஆட்டிவிட்டு, கேட்காமலே இரண்டாவது கோப்பை தேநீரையும் குடிக்கிறார்.

ராலிக்கு முன்பு பாதை பார்க்கும் நாட்கள். போட்டியாளர்கள் சாதாரணக் கார்களில், சாதாரண வேகத்தில் ஊர்ந்து போகிறார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் மடியில் நோட்டுப்புத்தகம். ஓட்டுநர் சொல்லச் சொல்ல எழுதுகிறார்: வலது நான்கு, நீளம், உள்ளே வெட்டாதே. அந்த 'உள்ளே வெட்டாதே' ஒரு விவசாயி வீட்டுக் கேட்டுத் தூண். அவருடைய தாத்தா நட்ட கல். தன் தூண் யார் யாருடைய நோட்டிலோ ஏறுவதை அவர் டிராக்டர் மேல் உட்கார்ந்தபடி பார்க்கிறார்.

அவருக்கு ராலி மேல் வருத்தம் இல்லை, ஜூன் மேல்தான். ஊறுகாய்ப் புல்லுக்கு, அதாவது புளிக்கவைத்துச் சேமிக்கும் மாட்டுத் தீவனத்துக்கு, அறுப்பு நடக்கிற காலம். வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம் வரிசையாகப் பண்ணை பண்ணையாகப் போகும். தவறவிட்டால் மறுபடி வரப் பத்து நாளாகும். சதுப்பு நிலத்தில் செங்கல் அளவுக்கு வெட்டிப்போட்ட எரிமண்ணைப் புரட்டிக் காயவைப்பதும் இந்த மாதத்தில்தான். "வெயில் ராலிக்காரன் காலண்டரைப் பாத்துட்டு வராது" என்கிறார். சொல்லிவிட்டு, கிடேரிகளைச் சாலையோர வயலிலிருந்து பின்வயலுக்கு ஓட்டிப் போகிறார். யாரும் அவரை ஓட்டச் சொல்லவில்லை.

நான்கு அறைகளை வாடகைக்கு விடும் பெண்ணிடம் ஆட்சேபம் பற்றிக் கேட்பதில் பொருளில்லை. போன ஜூனில் கிளம்பும்போதே அடுத்த ஜூனுக்கு அறை சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் இப்போதும் வந்திருக்கிறார்கள். மாவட்டத்தில் ஓட்டல் அறை கிடைக்காத வாரம் இது. ஆனாலும் அவள் ஒரு பக்கமாகப் பேசுவதில்லை. "எனக்குக் காசு. மேல வீட்டுல இருக்கறவங்களுக்கு என்ன? சத்தம்தானே" என்கிறாள் படுக்கை விரிப்பை உதறியபடி.

மேல வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற பிறகு கடல் பார்த்த ஜன்னலுக்காக இங்கே குடிவந்தவர். வருடந்தோறும் கவுன்சிலுக்கு ஆட்சேபம் எழுதுகிறார். கடிதம் நீளம், எழுத்து அழகு. அவர் கேள்வி எளிமையானது: என் கேட்டைத் திறந்து வெளியே போக நான் ஏன் இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஊரில் யாரிடமும் நேரான பதில் இல்லை. அதனால் அவரைக் கண்டால் ராலியை விட்டுவிட்டு மீன்பிடியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஞாயிறு. சாலை மூடியாயிற்று. முச்சந்தியில் ஆரஞ்சு மேலங்கி போட்ட மார்ஷல், பதினெட்டு வயதுப் பெண், கையில் வானொலிக் கருவி. ஊர்ப்பெண்தான். தன் பெரியப்பாவையே நாடாவுக்குப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்கிறாள். அவர் இரண்டடி பின்வாங்கி, அவள் திரும்பியதும் ஓரடி முன்னேறுகிறார். நோயாளி வீட்டுக்கு வரும் பராமரிப்புப் பெண் மூடுவதற்கு முன்பே வந்துவிட்டாள். மாலைவரை அங்கேயே இருக்கப் போகிறாள். அடுத்த வீட்டு முதியவருக்கு அவள் செய்ய வேண்டியதைப் பக்கத்து வயல்காரர் மனைவி வேலி தாண்டிப் போய்ச் செய்கிறாள். அட்டவணையில் இல்லாத ஏற்பாடு அது.

முதலில் பாதுகாப்பு வண்டிகள் விளக்கு சுழலப் போகின்றன. பிறகு அமைதி. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் தோன்றி, காணாமல் போய், மறுபடி பக்கத்தில் எழுகிறது. கல்சுவர்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். கார் வருகிறது, வளைகிறது, போய்விட்டது. சரளைக்கல் சிதறி வேலியில் விழுகிறது. ரப்பர் வாசம், பெட்ரோல் வாசம். அடுத்தது வரும்வரை எல்லோரும் நிபுணர்கள். புதிய கார்களுக்குத் தலையசைப்பு. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் பின்பக்கத்தை வீசிக்கொண்டு பக்கவாட்டில் வந்தால் கைதட்டல். மாடி ஜன்னலில் ஒரு பாட்டிக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். கம்பளிப் போர்வை, மடியில் போட்டியாளர் பட்டியல், கையில் பென்சில். வந்த எண்ணை ஒவ்வொன்றாக அடிக்கிறாள்.

எங்கோ ஒரு கார் சாலையை விட்டு இறங்கிவிட்டது. ஆளுக்குக் காயமில்லை, ஆனால் வரிசை நின்றுபோகிறது. திறக்க வேண்டிய நேரம் தாண்டுகிறது. மேல வீட்டுக்காரர் வாசலில் நின்று நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். ஊறுகாய்ப் புல்காரர் வானத்தைப் பார்க்கிறார். பாட்டி பென்சிலைச் சீவித் தரச் சொல்கிறாள். ஒரே தாமதம்.

இந்தச் சாலையில் நிற்பவர்கள் யாரும் 2019ஐ உரக்கப் பேசுவதில்லை. அந்த வருடம் ஜூன் 23, இதேபோல் ஞாயிறு, ஃபானட் ஹெட் ஸ்டேஜில் மானஸ் கெல்லி விபத்தில் இறந்தார். 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று முறை இதே ராலியை வென்றவர். அதற்கு முந்தைய மாதம்தான் மாவட்டக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ராலி அத்துடன் நிறுத்தப்பட்டது. அடுத்த இரண்டு வருடம் கொரோனாவால் நடக்கவில்லை. 2022-இல் மறுபடி வந்தது. வேண்டாம் என்பவர்கள் அவர் பெயரைத் தங்கள் பக்கத்துக்கு இழுப்பதில்லை. வேண்டும் என்பவர்களும் இழுப்பதில்லை.

கடல் தாண்டி ஸ்காட்லாந்திலும் இந்தக் கணக்கு உண்டு. 2014-இல் ஜிம் கிளார்க் ராலியில் பார்வையாளர்கள் மூவர் இறந்தபின், அந்தப் பகுதியின் மூடிய சாலைகளில் போட்டி திரும்ப 2019 ஆயிற்று. மல் தீவில் சாலை மூடுவதற்கென்றே 1990-இல் தனிச்சட்டம் இருந்தும், 2017, 2018 இரண்டு வருடம் ராலி நடக்கவில்லை. சாலையை மூடும் அதிகாரம் சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பது அந்த ஊர்களுக்கும் தெரியும்.

இரவு. ராலி கார்கள் எல்லாம் லெட்டர்கென்னிக்குப் போய்விட்டன. இப்போது வேறு சத்தம். நம்பர் பிளேட் அழுக்கான பழைய கார்கள் முச்சந்தியில் சக்கரத்தை எரித்து வட்டம் போடுகின்றன. கைப்பேசி வெளிச்சத்தில் கூட்டம். போட்டிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று கிளப் சொல்கிறது, உண்மைதான். போலீஸ், இங்கே கார்டா என்பார்கள், ராலி வாரத்தில் கூடுதலாகச் சோதனை போடுகிறது. ஆனால் தூங்காமல் படுத்திருக்கும் விவசாயிக்கு இரண்டும் ஒரே வாரம், ஒரே சாலை. அவருடைய நாள் முழுவதற்குமான கோபம் இப்போதுதான் வருகிறது. பகலில் வந்தவர்கள் இருநூறு மடங்கு சத்தம் போட்டார்கள். அதற்கு அவர் கிடேரிகளைத் தானே ஓட்டிப்போனார். இப்போது வந்திருக்கிறவன் அவர் வாசலைத் தட்டவில்லை, தேநீர் குடிக்கவில்லை, மாடு கன்று போடுமா என்று கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து கத்துகிறார். காலையில் முச்சந்தித் தாரில் கறுப்பு வளையங்கள்.

செவ்வாய்க்கிழமை கிளப்காரர் மறுபடி வருகிறார். இந்த முறை வேனில் சுத்தியல், முளைகள், ஒரு மூட்டை சிமெண்ட். நாடாவை உருட்டி எடுத்தாயிற்று. இப்போது இடித்ததைக் கட்டுகிற வேலை. 'உள்ளே வெட்டாதே' என்று எழுதி வைத்தும் யாரோ வெட்டிவிட்டார்கள். தாத்தாவின் தூண் சாய்ந்து, சுவரில் நான்கைந்து கல் உதிர்ந்திருக்கிறது. விவசாயி கைகட்டி நின்று மேற்பார்வை பார்க்கிறார்.

"அந்தக் கல் அங்க இல்லை. அது கீழ் வரிசை."

கிளப்காரர் எடுத்துக் கீழே வைக்கிறார். மேல வீட்டுக்காரர் நடந்து வருகிறார்; சட்டைப்பையில் நேரம் குறித்த நோட்டு. நின்று சுவரைப் பார்க்கிறார். மூவரும் கொஞ்ச நேரம் கல்லைப் பற்றியே பேசுகிறார்கள்.

"நாற்பது நிமிஷம் தாமதமாத் திறந்தீங்க" என்கிறார் மேல வீட்டுக்காரர்.

"ஒரு கார் இறங்கிருச்சு."

"தெரியும். எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

கிளப்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பட்டியலை எடுத்து, அவர் வீட்டு எண்ணுக்கு எதிரே எழுதுகிறார்: தாமதமானால் போன்.

விவசாயிக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. "அடுத்த வருஷம் இந்தப் பக்கத்தை வெள்ளிக்கிழமை வையுங்க. ஞாயித்துக்கிழமைன்னா மிஷின்காரன் ரெட்டை வாடகை கேக்கறான்."

"வெள்ளிக்கிழமைன்னா எனக்கும் பரவாயில்ல. அன்னிக்கு நான் டப்ளின் போயிருவேன்" என்கிறார் மேல வீட்டுக்காரர். "ஆனா ஆட்சேபம் எழுதத்தான் செய்வேன்."

"எழுதுங்க" என்கிறார் கிளப்காரர். "எழுதினாத்தான் உங்க வீட்டுக்கு முதல்ல வர முடியும்."