நீ எப்ப என்னட்டக் கேட்டனி?

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு பதினொரு மணிக்குச் சித்தியின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்.

“அண்ணா, ரீவியில வேலை செய்யிறதெண்டா என்ன படிக்கவேணும்? அம்மாட்டச் சொல்லாதேங்கோ.”

அவளுக்கு வயது 17. ஏ லெவலில் கணிதம், பௌதிகவியல், ஆங்கிலம் படிக்கிறாள். சித்தி அவளுக்கு அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறது: “அண்ணாவைப் பார்.” பொறியியலில் முதுநிலைப் பட்டம், கணினித் துறையில் வேலை, வீட்டுக் கடன், ஒரு கார். அந்த அண்ணாவிடமே அவள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். உடனே பதில் எழுத எனக்கு முடியவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முதல் எங்கள் வீட்டு ரீவியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் வளர்ந்தது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில். அப்பாவுக்குப் பெற்றோல் செட்டில் இரவு வேலை. பகலில் நித்திரை கொண்டு எழும்பி, பின்னேரம் ஆறு மணிக்கு பிபிசி செய்தி பார்ப்பார். பார்ப்பதற்கு முன் ரிமோட்டில் 8-8-8 என்று அழுத்துவார். இப்போது உங்களில் பலருக்கு அது தெரிந்திருக்காது. சீஃபாக்ஸ் என்று ஒரு எழுத்துச் சேவை இருந்தது. 1974இல் தொடங்கி 2012இல் நின்றது. அதில் 888ஆம் பக்கத்தைப் போட்டால் திரையின் அடியில் பேச்சு எழுத்தாக ஓடும். “இவங்கள் கதைக்கிறது விளங்காது. எழுத்தாப் பார்த்தா விளங்கும்” என்பார் அப்பா. அவர் ஆங்கிலம் பழகிய வகுப்பறை அதுதான்.

ஜோர்ஜ் அழகையா திரையில் வந்தால் மட்டும் அப்பா எழுத்தைப் பார்ப்பதில்லை. “எங்கட ஆள்” என்று நிமிர்ந்து இருப்பார். 1955இல் கொழும்பில் பிறந்த தமிழர், 1989இல் பிபிசியில் சேர்ந்தவர், பிறகு ஆறு மணிச் செய்தியின் முகமாகவே ஆனவர். 2023இல் அவர் காலமானபோது அப்பா அன்று முழுக்க அதிகம் கதைக்கவில்லை.

அம்மம்மாவுக்கு ஈஸ்ட்எண்டர்ஸ். அவவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆகவே எட்டு வயதில் நான்தான் அவவின் 888. “உந்தப் பெடிச்சி ஏன் அழுகுது?” என்று கேட்பா. எனக்கும் பாதிதான் விளங்கும். விளங்கியதற்கும் தமிழ்ச் சொல் தெரியாது. “அந்த மாமாவுக்கு அவவோட கோபம்” என்று சொல்லிச் சமாளிப்பேன். அம்மம்மா திரையை ஒருக்கால் வடிவாகப் பார்த்துவிட்டு, “கோபம் இல்லை மோனே, உது வேற விசயம்” என்பா. படம் ஒன்றைச் சொல்கிறது, வசனம் இன்னொன்றைச் சொல்கிறது என்பதை நான் முதலில் அவவிடம்தான் படித்தேன்.

அப்போதே எனக்கு ரீவியில் வரும் ஆட்களைவிட, அந்த எழுத்தை யார் அடிக்கிறார்கள் என்பதில்தான் ஆர்வம். நேரடிச் செய்திக்கு இவ்வளவு வேகமாக எப்படி அடிக்கிறார்கள்? பிறகுதான் அறிந்தேன். பலர் அடிப்பதே இல்லை. ஒலிவாங்கியோடு ஒருவர் இருந்து, அறிவிப்பாளர் சொல்வதைக் கேட்டபடியே, உணர்ச்சியில்லாத குரலில் “கால்புள்ளி”, “முற்றுப்புள்ளி” எல்லாம் சேர்த்துத் திரும்பச் சொல்கிறார். கணினி அதை எழுத்தாக மாற்றுகிறது. அதனால்தான் எழுத்து சில விநாடிகள் பிந்தி வருகிறது, இடைக்கிடை சிரிப்பூட்டும் பிழையும் வருகிறது. ஆள் மாறினால் எழுத்தின் நிறத்தையும் மாற்றவேண்டும். கேட்பதும் பேசுவதும் திருத்துவதும் ஒரே நேரத்தில் நடக்கும் வேலை அது.

பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தபோதும் ரீவி என்னை விடவில்லை. 1990 ஜூலை 4, உலகக் கிண்ண அரையிறுதி. இங்கிலாந்து மேற்கு ஜேர்மனியிடம் பெனால்ட்டியில் தோற்று முடிந்ததும், நாடு முழுக்க ஒரே நேரத்தில் எழும்பிக் கேத்தலைப் போட்டது. மின்தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் ஏறியது. இப்படியான ஏற்றத்தைச் சமாளிக்க, வேல்ஸில் மலைக்குள் இருக்கும் டினோர்விக் நிலையம் சில விநாடிகளில் மின்சாரம் தரும். வகுப்பில் மற்றவர்கள் நீர்விசைச்சுழலியைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். நான் மட்டும், ஒரு நிகழ்ச்சி ஒரு நாட்டையே ஒரே நிமிடத்தில் குசினிக்கு அனுப்புகிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆண்டில் யாருக்கும் சொல்லாமல் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதினேன். ஆறு கிழமைக்கு ரன்னர் வேலை தருவதாகப் பதில் வந்தது. ரன்னர் என்றால் தேத்தண்ணி போடுவது, பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது, விருந்தினரைக் கூட்டிவந்து இருத்துவது. இந்தத் துறையில் பலர் ஏறும் முதல் படி அது. அதே கிழமையில் ஒரு கணினி நிறுவனத்தில் நிரந்தர வேலையும் கிடைத்தது. நான் இரண்டாவதை எடுத்தேன்.

அதன் பிறகு யார் கேட்டாலும் எனக்கு ஒரே பதில்: “அப்பா விடேல்லை.” கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். தமிழ் அப்பாமார் அப்படித்தானே என்று எல்லாருக்கும் விளங்கிவிடும்.

இரண்டு வருடத்துக்கு முதல், வீட்டில் சொந்தக்காரர் கூடியிருந்த ஒரு மத்தியானச் சாப்பாட்டில் இதைப் பகிடியாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்: “நீ எப்ப என்னட்டக் கேட்டனி?”

நான் கேட்கவே இல்லை. உண்மை அதுதான். ஆறு கிழமைக்குப் பிறகு என்ன என்ற பயம் என்னுடையது. கோயிலில் யாராவது “மகன் என்ன செய்யிறார்?” என்று கேட்டால் தேத்தண்ணி போடுகிறார் என்று அம்மா சொல்லவேண்டி வருமே என்ற வெட்கமும் என்னுடையது. இரண்டையும் அப்பாவின் தலையில் பத்து வருடமாகக் கட்டிவைத்திருந்தேன். இரவு ஆட்கள் போனபிறகு மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: “கேட்டிருந்தா ஏசியிருப்பன். ஏசிப்போட்டு விட்டிருப்பன்.”

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்தநாள் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். ரீவியில் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். ஒரு தொடரின் பெயரைச் சொல்லி, அதில் ஒரு காட்சியைப் போனில் தானே மூன்று விதமாக வெட்டி ஒட்டிப் பார்த்ததாகச் சொன்னாள். “அவ அழத் தொடங்க முதலே வெட்டினா இன்னும் கூடக் கவலையா இருக்கு, அண்ணா.” அம்மம்மா இருந்திருந்தால் இவளோடு நல்லாகக் கதைத்திருப்பா.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் வேலை: பிடித்த நிகழ்ச்சியின் முடிவில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். ஆய்வாளர், பிரதித் திருத்துநர், படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர், நிறம் சரிசெய்பவர், நேரடி நிகழ்ச்சியில் எந்தக் கமராவின் படம் போகவேண்டும் என்று பொத்தானை அழுத்துபவர். ஐபிளேயர், நெட்பிளிக்ஸ் போன்றவற்றுக்குப் பின்னால் என்னைப் போன்ற கணினிக்காரர்களும் இருக்கிறார்கள். ரீவி என்றால் முகம் மட்டும் இல்லை.

இரண்டாவது: ஒரே வழிதான் என்று நினைக்காதீர்கள். வேறு பாடத்தில் பட்டம் எடுத்துவிட்டு, பீக்கன்ஸ்ஃபீல்டில் இருக்கும் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் முதுநிலை படிக்கலாம். பிபிசியில் சம்பளத்தோடு தொழில் பழகும் பயிற்சிகள் இருக்கின்றன. லண்டனை விட்டு சல்ஃபோர்ட், லீட்ஸ் பக்கமும் பாருங்கள். ரொமேஷ் ரங்கநாதன் நகைச்சுவைக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர்.

மூன்றாவது, இனிப்பில்லாத விசயம்: இங்கே பல வேலைகள் கிழமைக்கணக்கு, மாதக்கணக்கு ஒப்பந்தங்கள். ஒன்று முடிந்து அடுத்தது வரும்வரை கையில் காசு இருக்கவேண்டும். நேரகாலம் இல்லை. தொடக்கச் சம்பளம் குறைவு. அம்மா அப்பா பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயம் பிழையில்லை. ஆகவே கனவோடு மட்டும் போய்க் கதைக்காதீர்கள், கணக்கோடும் போங்கள்.

கடைசியாக அவளிடம் ஒன்று கேட்டேன். “அம்மா விடமாட்டா எண்டு சொல்றாய். கேட்டனியோ?”

நீண்ட நேரம் சத்தமில்லை. “இல்லை.”

“அப்ப கேள். ஏச்சு விழும். நானும் பக்கத்தில இருக்கிறன்.”

ஏச்சு விழுந்தது. அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. “உன்னைப் பார் எண்டு சொல்லித்தானே வளர்த்தனான், நீயே இப்பிடிச் செய்யலாமோ?” என்று சித்தி போனில் நாற்பது நிமிடம் கதைத்தா. நான் குறுக்கே கதைக்காமல் கேட்டேன். பிறகு அப்பா சொன்னதை அவவுக்குச் சொன்னேன். சித்தி பதில் சொல்லவில்லை. ஆனால் போனையும் வைக்கவில்லை.

இப்போது யூகாஸ் விண்ணப்பத்தின் ஐந்து தெரிவுகளில் மூன்று பொறியியல், இரண்டு தொலைக்காட்சித் தயாரிப்பு. எதை எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஜோர்ஜ் அழகையாவின் அப்பாவும் ஒரு பொறியியலாளர்தான் என்று சித்திக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை சித்தி கேட்டா: “அந்த வெட்டி ஒட்டுற வேலைக்கு என்ன சம்பளமாம்?”

கணக்கை எழுதி அனுப்பச் சொல்லித் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.