தையல் நாடாவும் ஒரு சூரை மீனும்

தராசில்லாமல் மீனின் நிறையை மதிப்பிட ஒரு வழி சொல்கிறேன். வாய் நுனியிலிருந்து வால் பிளவு வரை நீளத்தையும், உடம்பின் பருத்த இடத்தில் சுற்றளவையும் தையல் நாடாவால் சென்றிமீற்றரில் அளவுங்கள். சுற்றளவை அதே சுற்றளவாலும், பின் நீளத்தாலும் பெருக்கி 29,000 ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கணக்கு வரும். சூரை போன்ற உருண்ட மீனுக்கே இது பொருந்தும். தட்டை மீனுக்குச் சரிவராது.

ஒருநாள் சைக்கிளில் வந்த மீன்கார நானா, "இரண்டு கிலோ இருக்கும் தங்கச்சி" என்றார். அளந்தேன். நீளம் 50, சுற்றளவு 31. கணக்கில் வந்ததோ சுமார் 1 கிலோ 650 கிராம். "இது கள்ளக் கணக்கல்லவா நானா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. பேசாமல் காசைக் குறைத்து வாங்கிக்கொண்டு போனார்.

வெட்டுவதற்கு முன் மறுபடி அளந்து பார்த்தேன். முதலில் நாடாவை வால் பக்கமாகத் தள்ளிச் சுற்றியிருக்கிறேன்! பருத்த இடத்தில் 34. நிறை 2 கிலோ.

மறுநாள் மீதிக் காசைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "காசு போனா வரும் தங்கச்சி, அந்தச் சொல்லுதான் நொந்தது" என்றார்.

சுற்றளவை இருமுறை பெருக்குவதால் சிறு பிழையும் பெரிதாகும். ஆகவே நாடாவை இரண்டு தடவை வைத்துப் பாருங்கள். குறை சொல்வது பிறகு இருக்கட்டும்.